தெம்பு எழுபத்து நான்கு

மீதமிருக்கும் ஐந்து பற்களின் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதல்ல. ஒன்று பொய்யானாலும் ஐந்தும் உதிரட்டும். பிறகு கஞ்சி குடித்துக்கொள்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டே காலுக்கு, கூனமலைக் கணவாயின் உச்சியில், நாச்சிமுத்துவின் தெம்பு எழுபத்து நான்கு. அவருடைய மின்லாரியில் மூன்று லட்சம் நாமக்கல் முட்டைகள்.

தெம்பைக் காட்டும் கருவி, முன்பெல்லாம் சாமி படம் ஒட்டும் இடத்தில் இருந்தது. தெம்புமானி என்று பெயர். இருக்கையில் ஒரு தகடு, ஸ்டியரிங்கில் ஒரு தகடு. உள்ளங்கை வியர்வை, நாடி, முதுகின் கூனல், பெருமூச்சின் நீளம் எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நாற்பதுக்குக் கீழே போனால் ஓட்டுநர் மனம் உடைந்துவிட்டார் என்று பொருள். மனம் உடைந்தவர் கையில் முப்பது டன்னை ஒப்படைக்கக் கூடாது என்பது சட்டம். உடனே கருவி, வண்டியின் வயிற்றிலுள்ள காந்தப்பிடியை இறக்கும். அது சாலை நடுவே பதித்த இரும்புப் பட்டையைக் கவ்வும். வண்டி நின்றுவிடும். காந்தப்பிடிக்கு வேறு பொத்தான் கிடையாது. முன்பு இருந்தது, ஓட்டுநர்கள் அதை அழுத்திவிட்டுத் தூங்கினார்கள் என்று எடுத்துவிட்டார்கள்.

மூன்று முறை அப்படி நின்றால் இருக்கையை ஆயுளுக்கும் பிடுங்கிவிடுவார்கள்.

நாச்சிமுத்து ஏற்கெனவே இரண்டு முறை நின்றவர். இரண்டும் முதல் வருடத்தில். ஒன்று, வடக்கே ஒரு கிடங்கில் சரக்கு இறக்க நான்கு நாள் வரிசையில் கிடந்து, ஐந்தாம் நாள் காலை வாசலில் 'இன்று விடுமுறை' என்று பலகை தொங்கியபோது. மற்றொன்று, மகள் இளவேனிலுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்குக் கூப்பிட்டு, அது போன மாதமே முடிந்துவிட்டதென்று தெரிந்தபோது.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த எண் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. நாச்சிமுத்து மனதைப் பழக்கிவிட்டார். மூட்டு வலித்தால், 'வலிக்கிறதென்றால் மூட்டு இன்னும் இருக்கிறது' என்பார். டயர் வெடித்தால், 'மீதி ஒன்பது நன்றாக இருக்கிறது.' மூன்று நாள் குளிக்க இடம் கிடைக்காவிட்டால், 'கொசு கிட்டே வராது.' ஆரம்பத்தில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நாளாக ஆக, வலி வந்து சேர்வதற்கு முன்பே பதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரால் பழக்க முடியாமல் போனது கண்ணை மட்டும்தான். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணிடம் போய்விடும். பார்த்தால் பயம், பயந்தால் எண் இறங்கும், இறங்குவதைப் பார்த்தால் இன்னும் பயம். சும்மா பார்த்தே அறுபதிலிருந்து முப்பதுக்குச் சரிந்த ஓட்டுநர்கள் உண்டு. ஆகவே அவர் எண்ணின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். கருவி அன்றிலிருந்து வாயால் சொல்ல ஆரம்பித்தது.

வீட்டுப் பக்கமும் ஒரு ஏற்பாடு இருந்தது. ரோட்டில் இருக்கும் மனுஷனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது லாரிக் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். நிறுவனம் அதை 'வீட்டார் உறுதிமொழி' என்று எழுதி, மனைவி மேகலாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தது.

மூன்றாவது வளைவில் நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். கால் சேற்றில் இறங்குவதுபோல் அடிவரை இறங்கியது. எங்கோ காற்று 'புஸ்' என்று கழன்று போகும் சத்தம். மீண்டும் மிதித்தார். ஒன்றுமில்லை. வண்டி தன் பாட்டுக்கு வேகம் எடுத்தது.

"பிரேக் போயிருச்சு! வண்டிய நிறுத்து!" என்று கத்தினார்.

"ஓட்டுநரின் தெம்பு எழுபத்து நான்கு," என்றது தெம்புமானி. "நிறுத்தக் காரணமில்லை. தங்கள் மனநிலை பாராட்டுக்குரியது."

"மனநிலையா? பிரேக்கே இல்லைங்கறேன்!"

"பிரேக் பழுது குறித்துப் பணிமனையில் புகார் அளிக்கலாம். அலுவல் நேரம் பத்து முதல் ஐந்து வரை."

நாலாவது வளைவை அவர் எப்படித் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. இடது பக்க டயர்கள் தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டு போயின. கண்ணாடி வழியே அடிவாரம் தெரிந்தது. சாலையின் குறுக்கே செவ்வாய்ச் சந்தை. நீலத் தார்ப்பாய்கள், ஆடுகள், எறும்புக் கூட்டம்போல் ஆட்கள்.

பயந்தால்தான் வண்டி நிற்கும். அது அவருக்கு விளங்கிவிட்டது. சரி, பயப்படுவோம் என்று முடிவெடுத்தார். பள்ளத்தை நினைத்தார். 'கீழே நல்ல காற்றோட்டம்' என்றது பழகிய மனம். சந்தை ஜனங்களை நினைத்தார். 'ஹாரன் சத்தம் அவ்வளவு தூரம் கேட்கும், ஓடிவிடுவார்கள்' என்றது. சாவை நினைத்தார். 'இனி மூட்டு வலிக்காது' என்றது.

"தெம்பு எழுபத்து ஆறு," என்றது கருவி. "வாழ்த்துகள்."

ஒரு கையால் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சாப்டீங்களா?" என்றாள் மேகலா.

"மேகலா, ஒரு கெட்ட சேதி சொல்லு. சீக்கிரம்!"

"என்னுங்க?"

"ஏதாச்சும் கெட்டது சொல்லு. பெருசாச் சொல்லு. பிரேக் புடிக்கல. நான் பயந்தாத்தான் வண்டி நிக்கும்."

நிறுவனம் இதற்கு முன் இரண்டு முறை நாச்சிமுத்துவின் குரலிலேயே அவளைக் கூப்பிட்டு, கெட்ட சேதி கேட்டுச் சோதித்திருக்கிறது. இரண்டிலும் அவள் தேறியிருந்தாள்.

"இது மூணாவது சோதனைங்களா?" என்றாள் மேகலா. "இங்க எல்லாம் நல்லாருக்குதுங்க."

"சோதனை இல்ல அம்மிணி, சத்தியமா நான்தான்!"

"போன தடவையும் சத்தியம்னுதானுங்க சொன்னீங்க."

"அட, உன்ற கால்ல வேணா விழறேன்! அம்மா எப்படி இருக்கா?"

"நல்லாருக்காங்க."

"கூரை?"

"ஒரு சொட்டு ஒழுகறதில்லைங்க."

"இளவேனில்?"

"வகுப்புலயே முதலுங்க."

"உனக்கு?"

"எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன். எருமையும் நல்லாக் கறக்குது."

ஐந்தாவது வளைவு போயிற்று. வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்துவின் காதில் அந்த எருமை மட்டும் மாட்டிக்கொண்டது. அது ஒன்பது வருடமாகக் கறந்துகொண்டிருந்தது. கன்று போடவில்லை, வற்றவில்லை, ஒன்பது வருடம். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இந்த ஒன்பது வருடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. இரண்டு புயல்கள் வந்து போயின, கூரை ஒழுகவில்லை. வாராவாரம் கேட்டுவிட்டு நிம்மதியாக வண்டியை எடுத்த அந்தச் சொற்கள் எல்லாம் இப்போது வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. அப்படியொரு வீடு பூமியில் கிடையாது. அப்படியானால் அங்கே என்னதான் நடந்துகொண்டிருக்கிறது?

பழகிய மனம் பதிலைத் தேடியது. பதில் இல்லை. வந்த கஷ்டத்துக்குத்தான் அது பதில் வைத்திருந்தது. மறைத்த கஷ்டத்துக்கு எதுவும் வைத்திருக்கவில்லை.

"தெம்பு அறுபது," என்றது கருவி. "ஐம்பத்து ஒன்று. ஓட்டுநர் நல்லதை நினைக்கவும். நாற்பத்து நான்கு."

"மேகலா, அம்மா இருக்காளா?"

"நல்லா..." என்று தொடங்கிய மேகலாவுக்கு இந்தத் தடவை குரல் உடைந்தது. நிறுவனத்தின் குரலுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

"முப்பத்து ஒன்பது. ஓட்டுநர் தகுதி இழந்தார்."

வண்டியின் வயிற்றிலிருந்து காந்தப்பிடி இறங்கியது. ஒரு பெரிய அலறலோடு இரும்புப் பட்டையைக் கவ்வியது. லாரி இரண்டு வளைவுகளை இழுபட்டே கடந்து, சந்தையின் முதல் கடையான சுண்டல் கூடைக்கு நாலடி முன்னால் நின்றது. மூன்று லட்சத்தில் உடைந்தது ஒரே முட்டை. அதுவும் ஏற்றும்போதே விரிசல் விட்டிருந்தது.

"நின்னுருச்சு," என்றார் நாச்சிமுத்து. "இப்பச் சொல்லு."

மேகலா நாற்பது நிமிடம் சொன்னாள். அம்மா இருக்கிறாள், ஆனால் இரண்டு வருடமாகப் படுக்கையில். மகனையே அடையாளம் தெரியாது. அவன் போனில் பேசும்போது 'நல்லாருக்கேன் சாமி' என்று சொல்ல மட்டும் பழக்கியிருக்கிறார்கள். இளவேனில் கணக்கில் இரண்டு தடவை தவறினாள். மேகலாவுக்குப் பித்தப்பையை எடுத்தாயிற்று. எருமை செத்து ஆறு வருடம். முதல் புயலில் கூரை போய், வீட்டை விற்றுவிட்டு எல்லாரும் ஈரோட்டுப் பக்கம் குடிவந்தாயிற்று.

"அப்பப் பொங்கலுக்கு நான் வந்த ஊடு?"

"நீங்க வர்றப்ப மட்டும், வாங்கிக் கூரை போட்டவங்ககிட்ட பழைய ஊட்டுச் சாவிய வாங்கித் தெறந்து வெப்பமுங்க. எருமைய இரவல் வாங்கிக் கட்டுவோம், அத்தைய நாற்காலில சாச்சு உக்கார வெப்போம்."

நாச்சிமுத்து வெகுநேரம் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்திருந்தார். "ஏன்டி, நீ ஒருத்தியே இத்தனையும் தூக்கிட்டுத் திரிஞ்சியா?" என்றார்.

"நீங்க முப்பது டன்னு தூக்கறீங்க," என்றாள் மேகலா. "அதுக்கு இது எம்மாத்திரமுங்க."

மூன்றாவது நிறுத்தம் ஆயிற்றே, விசாரணை வைத்தார்கள். தெம்புத்துறை அதிகாரி கிருபாநிதி நல்ல மனிதர். அவருடைய நாற்காலியில் தகடு கிடையாது.

"பிரேக் போன நொடியில் உங்கள் தெம்பு எழுபத்து நான்கு," என்று ஏட்டைப் பார்த்துப் படித்தார். "ஆகவே அந்த நேரத்தில் ஆபத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆபத்து, நீங்கள் வீட்டோடு பேசிய பிறகுதான் வந்திருக்கிறது."

"ஐயா, பேசலேன்னா சந்தையே போயிருக்கும்."

கிருபாநிதி ஏட்டை மூடிவிட்டு யோசித்தார். அங்கேதான் விபரீதம் பிறந்தது. கெட்ட சேதி இவ்வளவு நல்ல பிரேக் என்றால், அதை ஏன் எல்லா வண்டியிலும் பொருத்தக்கூடாது?

நாச்சிமுத்துவின் இருக்கை தப்பியது, ஒரு நிபந்தனையோடு. முதல் துயர்ப்பெட்டியை அவர் வண்டியில் வைத்தார்கள். உள்ளங்கை அளவு பெட்டி. உள்ளே மனைவியின் குரலில் ஒரே ஒரு கெட்ட சேதி. நிஜமானது, ஓட்டுநருக்குத் தெரியாதது. பிரேக் போனால் பெட்டி பேசும், ஓட்டுநர் உடைவார், வண்டி நிற்கும். சேதி பழசாகிவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டார் புதுசாக ஒன்று தரவேண்டும். என்ன கொடுத்தோம் என்று ஓட்டுநரிடம் சொல்வது குற்றம்.

"ஒண்ணு கொடுத்தேனுங்க," என்றாள் மேகலா. "அதுக்கு மேல கேக்காதீங்க."

"அம்மாவப் பத்தியா?"

"கேக்காதீங்க."

"உன்னப் பத்தியா?"

மேகலா பேச்சை மாற்றினாள்.

ஆறே மாதத்தில் நாட்டின் எல்லா லாரியிலும் துயர்ப்பெட்டி வந்துவிட்டது. நாச்சிமுத்து அதை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், துணியில் சுற்றிப் பார்த்தார், சாப்பாட்டுத் தூக்குக்குள்ளும் வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிரேக் எல்லாம் சரியாக இருக்கும்போதே, வண்டி சாலை நடுவில் நின்றது. பின்னால் வந்த லாரி இடிக்கவில்லை. அது ஏற்கெனவே நின்றிருந்தது. அதற்குப் பின்னால் நின்றதும் அப்படித்தான். கன்னியாகுமரி தொட்டு வடக்கே கண்ணுக்கெட்டியவரை லாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர், ஒரு பெட்டியைப் பார்த்தபடி.

"தெம்பு பன்னிரண்டு," என்றது நாச்சிமுத்துவின் கருவி. "ஓட்டுநர் நல்லதை நினைக்கவும்."

கூனமலைக் கணவாய்ச் சாலை ஒருவழிப் பாதை. மலை ஏறும் வண்டிகளுக்கு மட்டும், இறங்க வழியில்லை. எனக்கு இப்போது கஞ்சிதான்.