ஆறாவது போல்ட்

மழை பெய்தது. கூரை ஒழுகியது. சீட் நனைந்தது. அதுவரைக்கும் சரி. நடுவில் மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது?

பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி அவள் இதையே நினைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் சீட்டின் ஓரங்களெல்லாம் நீர் குடித்துக் கறுத்திருந்தன. உள்கூரைத் துணியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சாய்மானத்தில், இரண்டு தோள் அகலத்துக்கு, வெளிறிய ஒரு திட்டு. அதற்குக் கீழே தொடை நீளத்துக்கு இரண்டு திட்டுகள். மழை விட்டதும் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தால் அதன் அடியில் தரை காய்ந்திருக்குமே, அப்படி.

உள்ளங்கையை அங்கே வைத்தாள். காய்ந்திருந்தது. லேசான வெதுவெதுப்பும் இருந்தது.

'இப்பதான் எழுந்து போனியா?' என்று மனதுக்குள் கேட்டாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் கணவனை வாய்விட்டு 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மனதுக்குள் எப்போதும் 'நீ'தான். அவன் இறந்து எட்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது அவர்கள் தொழில். ஏணியில் ஏறித் துளை போட்டு, கம்பி இழுத்து, பலகையை நேர் பார்த்து நிறுத்துவது அவள். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம், கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்துவது அவன். ஊர் அவனைத்தான் பலகைக்காரர் என்றது.

ஏணியும் பலகையும் ஏற்ற கேபின் கூரைமேல் இரும்புக் கேரியர் வேண்டுமென்று அவனே வண்டிக் கூரையில் ஆறு துளை போட்டு, உள்பக்கம் நட்டுகளைப் பற்றவைத்து, ஆறு போல்ட்டால் முடுக்கினான். அடியில் நல்ல ரப்பர் வாஷர் போடச் சொன்னாள். அவன் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டான். முதல் மழையிலேயே அவள் உட்காரும் பக்கம் சொட்டியது. "ரெண்டு சொட்டு பட்டா கரைஞ்சிடுவியா?" என்றான். நாலு மழைக்காலம் அவள் மடியில் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு பயணம் செய்தாள்.

இப்போது அவன் பக்கம் ஒழுகுகிறது. அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வெதுவெதுப்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள்.

நாளை மறுநாள் காலையில் புதிய துணிக்கடை ஒன்றுக்குப் பலகை மாட்ட வேண்டும். அவள் தனியாகப் பேசி எடுத்த முதல் வேலை. பலகை கேரியரில் வரும், அதன் விளக்குகளுக்கான மின்சாரப் பெட்டி கேபினுக்குள் வரும். ஒரு சொட்டு பட்டாலும் பெட்டி போய்விடும். பெட்டி போனால் வேலை போகும். வேலை போனால், 'அப்பவே சொன்னோமே' என்று சொல்லக் காத்திருக்கிற மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டும்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினாள்.

*

ஐந்து போல்ட்டுகள் பேசாமல் கழன்றன. ஒவ்வொன்றின் அடியிலும் டியூப் துண்டு கருகிய இலைபோல் நொறுங்கியது. பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துளையைச் சுற்றி வெள்ளிபோல் தகடு தெரிகிறவரை விடவில்லை. அதன்மேல் துருத்தடுப்புச் சாயம். அது காய்ந்ததும் சிலிக்கான் பசையை வளையமாக வைத்து, ரப்பர் வாஷர், அதன்மேல் இரும்பு வாஷர், பிறகு போல்ட். பசை ஓரத்தில் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும். அவன் எதையும் அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று முறுக்கித் தகட்டையே நெளித்திருந்தான்.

ஆறாவது போல்ட் டிரைவர் சீட்டுக்கு நேர்மேலே இருந்தது. நெளிவில் ராத்திரி மழைநீர் ஒரு கரண்டி அளவுக்குத் தேங்கி நின்றது. போல்ட்டைக் கழற்றியதும் அது துளைக்குள் இறங்கும் என்று பார்த்திருந்தாள்.

இறங்கவில்லை. குமிழி வந்தது.

ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு சீராக, யாரோ அடியில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விடுவதுபோல. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் ஒரு வாசனை: டீசல், அழுகிய இலை, வெகுநாள் வெயில் படாத சிமெண்டுச் சுவர். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். பாலத்தடிச் சாலையின் வாசனை.

அன்றைக்கும் மழை. பாலத்துக்குக் கீழே இறங்கும் சாலையின் வாயில் அவன் வண்டியை நிறுத்தினான். பலகைக் கயிறு தளர்ந்திருந்ததால் அவள் கேரியரில் ஏறி இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து கூரையில் ஒரு தட்டு வந்தது. அது அவர்கள் வழக்கம். அவன் உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினால் 'போகலாமா?' என்று கேள்வி. அவள் மேலேயிருந்து ஒன்று தட்டினால் போகலாம். இரண்டு தட்டினால் வேண்டாம்.

மேலேயிருந்து அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியாதது. சுவரில் நீரின் ஆழம் காட்ட எழுதியிருந்த எண்களில் பாதிக்குமேல் முழுகியிருந்தன. வேண்டாம். இரண்டு தட்ட வேண்டும். கையைக்கூட ஓங்கிவிட்டாள். ஆனால் அதற்குமுன் ஒரே ஒருதடவை அவள் இரண்டு தட்டியதற்கு, அவளை நடுவெயிலில் சாலையோரம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளேயிருந்து மறுபடி தட்டினான், இன்னும் ஓங்கி.

அவள் ஒன்று தட்டினாள்.

இறங்கிவந்து உட்காரக்கூட விடவில்லை. அவளை மேலே வைத்துக்கொண்டே கிளப்பினான். நடுவில் வண்டி நின்றது. தண்ணீர் ஏறியது. கதவு திறக்கவில்லை. அவள் தொங்கிக் கண்ணாடியை உடைக்கப் பார்த்து நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் அவன் அடியிலிருந்து தட்டினான். ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாதபடி. அந்தத் தட்டுக்கு அவர்கள் வழக்கத்தில் பதிலே இல்லை. இடுப்பளவு நீரில் கேரியரைப் பிடித்துக்கொண்டு, அது நிற்கிறவரை அவள் கேட்டாள்.

அவள் துளையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலின் அடியில் குமிழி முட்டியது.

"போதும்," என்றாள் வாய்விட்டு. சிலிக்கானை நிறைய வைத்தாள். வாஷர். போல்ட். பசை பிதுங்கியது. நிறுத்தினாள்.

*

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். அவனுடைய தங்கை. அந்த வீட்டில் அவளோடு சிரித்துப் பேசுகிற ஒரே ஆள்.

"அண்ணி, அம்மா சொல்லி அனுப்பினாங்க. வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுடணுமாம்."

"வண்டி மேல அவ்வளவு கோபமா?"

"வண்டி மேலயா, உங்க மேலயான்னு அவங்களுக்கே தெரியல. ரெண்டுல எதுக்கு எடை அதிகமோ அதப் போடச் சொல்றாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாத்தனார்தான் முதலில் நிறுத்தினாள். "நெஜமா அண்ணி. அண்ணன் போன வண்டில எப்படி உக்கார்றீங்க?"

"அண்ணனை நான் கொண்டுபோகலை. அவர்தான் என்னைக் கொண்டுபோனார்," என்றாள் அவள். "வா, ஒரு வேலை இருக்கு. நீ உள்ள உக்காரு. நான் மேல ஏறித் தண்ணி அடிக்கிறேன். எங்க சொட்டுதுன்னு பாத்துச் சொல்லு."

"சொட்டுனா தட்டவா?"

"தட்டாத." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கத்து. தொண்டை கிழியக் கத்து. தட்ட மட்டும் தட்டாத."

நாத்தனார் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். பிறகு சுற்றிப்போய் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

வானம் மூட்டமாக, வெளிச்சத்துக்கு நிழலே இல்லாமல் இருந்தது. அவள் கேரியரில் மண்டியிட்டு ஹோஸ் பைப்பின் வாயை விரலால் நெரித்து, முதல் போல்ட்டிலிருந்து தொடங்கினாள். தகட்டில் நீர் விழும் சத்தம் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் விரல்நுனியால் தாளம் போடுவதுபோல் எழுந்து, சுற்றிலும் இருந்த மதில்களில் மோதித் திரும்பி, வேறு எந்தச் சத்தத்துக்கும் இடம் வைக்காமல் காதை நிறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளிருந்து கத்தல் இல்லை. நான்கு. ஐந்து. நாளைக்குப் பெட்டி நனையாது என்ற நினைப்பு, வெகுநாளைக்குப் பிறகு வயிற்றில் சூடாக இறங்கிய ஏதோ ஒன்றுபோல் பரவியது.

ஆறாவது.

நீரை அதன்மேலேயே நிறுத்தினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

முழங்காலுக்கு அடியில் ஒரு தட்டு.

"தட்டாதன்னு சொன்னேன்ல!"

"என்ன அண்ணி?"

குரல் பின்னாலிருந்து வந்தது. நாத்தனார் சுவரோரக் குழாயடியில் நின்றிருந்தாள், காதில் போனோடு. "அம்மா கூப்பிட்டாங்க. உள்ள ஒண்ணும் கேக்கல, அதான் இறங்கி வந்தேன். ஒரு சொட்டு ஒழுகல அண்ணி. கெட்டிக்காரி நீங்க."

"தண்ணிய நிறுத்து," என்றாள் அவள்.

நாத்தனார் குழாயை மூடினாள். தகட்டிலிருந்து நீர் வழிந்து அடங்கியது. அமைதி.

அடியில், தெளிவாக, ஒரு தட்டு.

போனைக் காதிலிருந்து எடுத்து, நாத்தனார் இரண்டடி முன்னால் வந்தாள். அப்படியே நின்றாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, போக மறந்து அங்கேயே கிடந்தது.

"அண்ணி. உள்ள தண்ணி நிக்குது."

அவள் கேரியரின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தலைகீழாக முன்கண்ணாடி வழியே பார்த்தாள்.

கேபின் நிறைந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடிகளின் விளிம்புக்கு மேலே, கூரைவரைக்கும், தேநீர் நிறத்தில் கலங்கிய நீர். இலைகள் மெதுவாகச் சுற்றின. கதவு இடுக்கிலும் கூரைத் துளைகளிலும் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அவள் அடைத்த அடைப்பு அவ்வளவு நேர்த்தி.

நடுவில் நீர் இல்லாத ஓர் இடம் இருந்தது.

உட்கார்ந்திருந்தது. தோள் அகலம் அவளுக்குத் தெரியும். தொடை நீளம் தெரியும். அந்த வெற்றிடத்தின் வழியே பின்னால் காய்ந்த சீட் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய பள்ளத்தை நோக்கி ஓர் இலை மிதந்துபோய், நீர் முடிகிற ஓரத்தில் ஒட்டி நின்றது. அது ஒரு கையை உயர்த்தியது. கையளவு நீர் விலகி வழிவிட்டது.

தட்டு.

வண்டி அதிர்ந்தது. எஞ்சின். சாவி அவள் இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது. எஞ்சின் ஓடியது. காத்திருக்கிற ஓட்டம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஓட்டம்.

குதிக்கலாம். ஆள் உயரம்தான். கால் எடுத்தாள். சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது. காலை வைத்தாள். நின்றது.

இறங்க விடமாட்டான்.

தட்டு. இன்னும் ஓங்கி.

"அண்ணி," நாத்தனார் அழுதாள். அண்ணனின் வழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவன் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது. "ஒண்ணு தட்டிடுங்க அண்ணி. கேக்குறாருல்ல. ஒண்ணு தட்டுனா அண்ணன் போயிடுவாரு. தட்டிடுங்க, உங்களக் கும்பிடறேன்."

போவான். அவன் தனியாகப் போகிறவன் இல்லை.

தட்டு.

போல்ட்டுகளைப் பார்த்தாள். ஆறும் அசையவில்லை. அவள் கை முறுக்கியவை. நாளை காலை இந்தக் கம்பிகளில் பலகை ஏறும். பெட்டி உள்ளே வரும். சீட்டைத் துடைத்துக் காயவைத்து அதில் அவள் உட்காருவாள்.

எட்டு மாதமாக இந்தக் கை ராத்திரிதோறும் அந்த ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் விரல்களை மடக்கினாள். ஆறாவது போல்ட்டின் பக்கத்தில், தகடு நெளிந்திருந்த இடத்தில், மெதுவாக, ஒரு தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டுவதுபோல், தட்டினாள்.

ஒன்று.

நாத்தனார் மூச்சை விட்டாள். அடியில் எஞ்சின் உறுமி எழுந்தது.

இரண்டு.

எஞ்சின் தணிந்தது. கண்ணாடிக்குள் அந்தப் பள்ளமான முகம் மெல்ல மேல்நோக்கித் திரும்பி, அவள் மண்டியிட்டிருந்த இடத்துக்கு நேர்கீழே வந்து நின்றது. கை மறுபடி உயர்ந்தது.

தட்டு.

"வேண்டாம்," என்றாள் அவள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல். "நீ போ."

இரண்டு தட்டினாள்.