சாப்பிட வாங்க

வளவில் மொத்தம் ஆறு வீடுகள். அருணாசலவடிவின் வீடு கடைசி. அதற்கு அப்பால் சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கியின் பின்சுவர்தான். இரண்டு ஆள் உயரம், வாசலும் கிடையாது, சன்னலும் கிடையாது. அப்படியிருக்க, உச்சி வேளையில் யாரோ தன் வாசலைத் தாண்டி அந்தச் சுவரை நோக்கி நடந்து போகிறார்கள் என்பதைக் குடிவந்த நான்காம் நாள் அவள் கவனித்தாள். போன காலடி திரும்பி வரவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாத ஊர் இது. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும், பிறகு மாதா கோயில் மணி அடிக்கும், பிறகு கிட்டங்கிக்குள் ஆட்கள் சங்குக் குவியலைச் சரித்துவிடும் கலகலப்பு. வெயில் ஏற ஏறச் சுவரைத் தாண்டி அழுகல் வாடை வரும், சதை தானாகக் கழன்று விழட்டும் என்று கடலிலிருந்து எடுத்த சங்கையெல்லாம் உள்ளே குவித்துப் போட்டிருந்தார்கள், அந்த வாடை அவள் சேலையில் ஏறி, தலைமுடியில் ஏறி, ஏழு மாதக் குழந்தை சந்தனமாரியின் உச்சந்தலையில்கூட ஏறியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று இருந்துவிட்டாள்.

அவளும் புருஷன் மாசானமும் உடன்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டுக்காரர்கள். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது, கிணறு வற்றியது, யுத்தத்தால் பர்மா அரிசியும் நின்றது. துறைமுகத்தில் மூட்டை இறக்க ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொன்னதை நம்பித் தூத்துக்குடிக்கு வந்தார்கள். கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். மாசானம் இருட்டோடு தோணியேறிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். மற்ற வீட்டுக்காரர்கள் ஆலைக்குப் போய்விடுவார்கள். எதிர்த்த வீட்டு மெட்டில்டா ஒருத்திதான் பகலில் தட்டுப்படுவாள். சங்கு குளிக்கிறவரின் பெண்டாட்டி, வாய் பெரிது, மனசும் பெரிது. அவளும் பாதி நாள் கோயில், மீதி நாள் மீன் சந்தை.

வடிவுக்குப் பேச ஆளில்லாமல் நாக்கு துருப்பிடித்துவிடும் போலிருந்தது. குழாயடியில் பெண்கள் குடத்தைப் பார்க்கிறார்கள், அவளைப் பார்ப்பதில்லை. ரேஷன் கடையில் அவள் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருவன் சிரித்தான். இத்தனை சனம் இருக்கிற ஊரில் இப்படித் தனியாக இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

குடிவந்த ஏழாம் நாள் அந்தத் தப்பு நடந்தது.

அவள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றில் கை வைத்திருக்கும்போது வாசலில் ஒரு நிழல் தட்டினால் போதும், "சாப்பிட வாங்க" என்று சொல்லியாக வேண்டும். பானையில் பருக்கை இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். கேட்டவர் நடையை நிறுத்தாமலே "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிப் போய்விடுவார். அவள் பிறந்ததிலிருந்து யாரும் உண்மையாகவே வந்து உட்கார்ந்தது கிடையாது. மரியாதையும் மிச்சம், சோறும் மிச்சம்.

அன்று உச்சிக்கு, தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டுச் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். காலடி வந்தது. வாசற்படியில் நிழல் விழுந்தது. அவள் தலை நிமிரக்கூட இல்லை.

"சாப்பிட வாங்க," என்றாள்.

காலடி நின்றது.

பதிலுக்காகக் காத்திருந்தாள். கையில் பிடித்த கவளம் கையிலேயே இருந்தது. வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது, காக்கைகூடக் கத்தவில்லை. "நீங்க சாப்பிடுங்க" என்ற அந்த இரண்டு சொல் வரவே இல்லை. எழுந்து எட்டிப் பார்த்தாள். முடுக்கில் யாரும் இல்லை. திரும்பி வந்து கவளத்தை வாயில் போட்டாள். சோற்றில் உப்பு இல்லை, புளி இல்லை, கருவாட்டு வாசம்கூட இல்லை. மண்ணைத் தின்பது போலிருந்தது. தட்டை வழித்துத் தின்று முடித்த பிறகும் வயிறு காலியாகவே இருந்தது.

சோற்றுத் தட்டுக்கு எதிரே தரை நனைந்திருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு ஈரம். சாயங்காலம் அது காய்ந்து, ஓரத்தில் உப்புப் பூத்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பார்த்தாள். காலடி வாசல் வரை வந்தது, அதன் பிறகு வெளியே எதுவும் கேட்கவில்லை, உள்ளே ஈரம் படர்ந்தது. உச்சிக்குச் சாப்பிடாமல் காலையிலேயே சாப்பிட்டுப் பார்த்தாள். காலைச் சோறும் சக்கையாகிவிட்டது. மாசானத்துக்கு மட்டும் அதே சோறு ருசித்தது. "நல்லாத்தான இருக்கு ளா!" என்று அவன் சட்டியை வழித்தான். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பத்து நாளில் அவள் கன்னம் ஒட்டிவிட்டது. அது போகட்டும், பால் வற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சந்தனமாரி மார்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அலறினாள். ஆட்டுப்பால் வாங்கிப் புகட்டினாள், பிள்ளை அதைக் கக்கிவிட்டது. கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. பிறகு பிள்ளை அழுவதையும் நிறுத்திக்கொண்டது. அழாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படியாவது இது பிழைத்தால் போதும், நான் போனாலும் பரவாயில்லை என்று உடன்குடிப் பக்கத்துச் சாமிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு தூரம் கேட்டிருக்குமோ என்னமோ.

மெட்டில்டாதான் கேட்டாள்.

"ஏளா, என்ன இப்படி உருகிப் போயிட்ட? என்னத்தைத் திங்க?"

வடிவு சொன்னாள். காலடி, ஈரம், உப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த மெட்டில்டா ஒரு இடத்தில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ கூப்பிட்டியா?"

"வாசல்ல ஆள் போனா கூப்பிட மாட்டாவளாக்கா?"

"பதில் வந்துச்சா?"

"வரலை."

"மாதாவே," என்று மெட்டில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "இங்கன யாரும் யாரையும் சோத்துக்குக் கூப்பிடுததில்ல ளா. ரேஷன் அரிசி பத்தாதுன்னு நெனச்சியா? அதுக்கில்ல." கிட்டங்கிச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். "கூப்பிட்டது நீ. வேண்டாம்னு வந்தவுகதான் சொல்லணும். நீ போன்னு சொன்னாப் போவாவளா?"

"நான் என்னக்கா செய்ய?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிரு. இன்னைக்கே போயிரு. நானும் வேம்பாருக்குக் கல்யாணத்துக்குப் போறேன், ஞாயித்துக்கிழமைதான் வருவேன். இல்லன்னா எங்கூட வச்சுக்கிடுவேன்."

அன்று இரவு அவள் மாசானத்தின் காலைப் பிடித்தாள்.

"ஊருக்குப் போயிருவோம். பிள்ளை நமக்குத் தங்காது."

"ஊர்ல என்ன இருக்கு, கிணத்தைத் தோண்டித் திங்கவா?" என்றான் முதலில். பிறகு விளக்கைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். "சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. பத்து மணிக்குக் கரைக்கு வாரேன். வந்ததும் கரியில ஓடுத பஸ்ஸுல ஏறிருவோம். மூட்டையக் கட்டி வை," என்றான்.

அந்த இரண்டு நாளில் ஈரம் இடம் மாறியது. வெள்ளிக்கிழமை அது தட்டுக்கு எதிரே இல்லை. இரண்டு முழம் தள்ளி, தொட்டிலுக்குப் பக்கமாக இருந்தது.

சனிக்கிழமை மூட்டையைக் கட்டிவிட்டாள். பானையில் மிச்சமிருந்த சோற்றை முடுக்கில் நாய்க்குப் போட்டாள், அரிசியை முதல் வீட்டுக்காரி வேலைக்குப் போகுமுன் அவளிடம் கொடுத்தாள், பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். விருந்தாளிக்கு இனி இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. பத்து மணி ஆயிற்று. மாசானம் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். வழி தெரியவில்லை, கேட்ட நாலு பேரில் ஒருவன்தான் கை நீட்டினான். அங்கே கம்பத்தில் காற்றுக் கொடி ஏற்றியிருந்தார்கள். கடல் கலங்கிப் புரண்டது.

"கப்பலுக்குப் போன ஆட்கள்?" என்று காவல்காரனைக் கேட்டாள்.

"காத்து இறங்காம தோணி திரும்பாது. நாளைக்கி வா," என்றான் அவன், அவளைப் பார்க்காமலே.

பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மர நிழலில் உட்கார்ந்தாள், கடைக்காரன் எழுப்பிவிட்டான். வேறொரு சுவரோரம் உட்கார்ந்தாள்; அங்கே நிழல் சுருங்கி வெயில் வந்துவிட்டது. பிள்ளையின் உதடு வெடித்து, கண் மேலே செருகியது. இந்த வெயிலில் இன்னும் ஒரு நாழிகை இருந்தால் பிள்ளை போய்விடும் என்று தெரிந்தது. அந்த ஊரில் அவளுக்கென்று ஒரே ஒரு கூரைதான் இருந்தது. சோறில்லாத வீட்டில் அந்த விருந்தாளிக்கு என்ன வேலை, பானைதான் கவிழ்ந்து கிடக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

வளவில் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டாள். பிள்ளையின் உதட்டில் தண்ணீர் நனைத்துத் தொட்டிலில் போட்டாள். அது பழைய சேலைத் தொட்டில், உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டது. பிள்ளை கண்ணை மூடி மூச்சு விட்டது. அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

காலடி வந்தது. ஈரமான பாதம். முதல் வீடு. இரண்டாம் வீடு. அவசரமில்லாத நடை. ஐந்தாம் வீடு. அவள் முதுகுக்குப் பின்னால், கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், நின்றது.

தரையைப் பார்த்தாள். தட்டு வைக்கும் இடம் காய்ந்திருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்து இடமும் காய்ந்திருந்தது. நூறு வரை எண்ணிக்கொண்டே பார்த்தாள். ஈரமில்லை. போய்விட்டது. சோறில்லை என்று தெரிந்து போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

கயிறு முனகியது.

பிள்ளை புரண்டால் அந்தக் கயிறு முனகாது. எலும்பும் தோலுமான பிள்ளை. கயிறு மறுபடி முனகியது. உத்திரத்திலிருந்து தூசி உதிர்ந்தது. தொட்டில் மெல்லக் கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது.

தொட்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சாப்பிட வாங்க."

எவ்வளவு மரியாதையான குரல். அவள் ஊர்க் குரல் போலவே இருந்தது. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பசித்த வயிற்றோடு, பேச ஆளில்லாமல் கிடந்தவளுக்கு ஒரு கணம் அது இனித்துவிட்டது. மனசு விழிக்குமுன் நாக்கு முந்திக்கொண்டது.

"ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க," என்றாள் வடிவு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சொல் வெளியே போய்விட்டது.

தொட்டில் தரையைத் தொட்டது. துணியின் அடியில் ஈரம் படர்ந்தது. சந்தனமாரி ஒரு தரம் சிணுங்கினாள். ஒரே தரம். பிறகு உள்ளே, அவசரமே இல்லாமல், விருந்துக்கு வந்தவர் மெல்லும் சத்தம் கேட்கத் தொடங்கியது.