முப்பத்தொன்பது பேரின் பயணம்

நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தொன்பது பேர் நெதர்லாந்தின் குளிரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிவந்தார்கள். அங்கே போய்வந்த மாணவி ஜெனிட்டா ஒருத்திதான். அவளுக்குத்தான் ஒன்றும் நினைவில்லை.

கட்டுமானப் பொறியியல் மாணவர்களுக்கான பன்னிரண்டு நாள் கல்விப் பயணம் அது. முன்பெல்லாம் வகுப்பே விமானம் ஏறும். நினைவுப்பதியம் வந்தபின் ஒரு பேராசிரியரும் ஒரு மாணவரும் போனால் போதும். மாணவர் கண்டதையும் உணர்ந்ததையும் கருவி எடுத்து மற்றவர்கள் தலையில் ஊன்றிவிடும். செடியைப் பதியம் போட்டால் தாய்ச்செடி அப்படியேதானே நிற்கிறது? அந்தப் பெயரை நம்பித்தான், பயணம் முடிந்து வந்ததும் ஜெனிட்டா கருவியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பயணத்தை வடிவமைத்த பேராசிரியர் சண்முகவடிவு மேடம்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார். "கடல் உன் தெருவையே தின்னுக்கிட்டிருக்கு. அந்த ஊரை உன்னை மாதிரி வேற யாரும்மா பார்ப்பாங்க?" என்றார். அந்தச் சொல்லில் மயங்கிப்போனாள், பாவம்.

இப்போது உதட்டில் குளிர்வெடிப்பு இருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது. "அங்க கடலுக்குக் கதவு போட்டு எப்படிட்டி நிறுத்துதாவ?" என்று அம்மா ஆசையாய்க் கேட்டபோது சொல்லத்தான் ஒன்றுமில்லை. "ரெண்டு நாள்ல தானா ஞாபகம் வந்துரும்மா" என்றிருந்தார் மேடம். இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அன்று பயண மதிப்பீட்டுத் தாள்களை வாங்கி அடுக்கும் வேலை ஜெனிட்டாவுக்கு. நீட்டியவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன பிரிட்டோ, எல்லாரும் துட்டி வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்த மாதிரி இருக்கீங்க?"

"நீயே படி பிள்ள" என்றான் பிரிட்டோ.

'பயணத்தில் கற்ற முக்கியப் பாடம்' என்ற இடத்தில் கடல் கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கருவி ஜெனிட்டாவின் நினைவை, நாற்காலியில் கிடந்த கடைசி நொடிவரை எடுத்திருந்தது.

'நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கருவிக்காரர் மேடத்திடம், "வேரோட பிடுங்கினாத்தான் மத்தவங்களுக்கு ஒட்டும். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் மிஞ்சாது, தெரியும்ல?" என்று மெல்லக் கேட்டார். மேடம் என் தலையைத் தடவிக்கொண்டே ஆமாம் என்று தலையசைத்தார். எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு அசையவில்லை.'

அடுத்த தாளிலும் அந்தத் தலையசைப்புதான். அதற்கடுத்ததிலும்.

சண்முகவடிவு உள்ளே வந்தார். வழக்கம்போலச் செல்லமாகப் பிரிட்டோவின் தலையில் கைவைக்கப் போனார். அவன் வெடுக்கென்று ஒதுங்கினான். அவனோடு அந்த வகுப்பே ஒதுங்கியது. முப்பத்தொன்பது முகங்களிலும் ஒரே பெண்ணின் பார்வை.

கை ஜெனிட்டாவிடம் வந்தது. அவள் தலை ஒதுங்கவில்லை, அதற்கு நினைவிருந்தால்தானே? தடவிய கை இதமாகக்கூட இருந்தது. அவளால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீயாவது நல்லபடியா எழுதியிருப்பியேம்மா?"

வெறுமையாய்க் கிடந்த தன் தாளை மேலே வைத்து மொத்தத் தாள்கட்டையும் நீட்டினாள் ஜெனிட்டா.

"போகாதவங்க எல்லாரும் நல்லாப் படிச்சிருக்காங்க மேடம். போயிட்டு வந்தவதான் பெயில்."