தரையில் குறை இல்லை

அன்று காலை தங்கை நின்றபடியே ரொட்டி தின்றாள். சீருடைச் சட்டையில் தூள் சிந்தாமல் இருக்க, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு.

"அண்ணா, ரேடியோவுல இரைச்சல்னு முந்தாநாள் எழுதி வச்சேனே, நீதான பாத்த?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருந்துச்சு. கீழேர்ந்து பேசறதுல பாதிய முழுங்கிடுது."

"மொதல்ல உன் காதக் குடைஞ்சு பாரு."

அவள் சிரித்தபடி ஈரக் கையை அவன் முதுகில் துடைத்துவிட்டுப் போனாள். கேள்வி முடிவதற்குள் பதில் வாயிலிருந்து வந்துவிட்டது அவனுக்கே உறைத்தது.

அவள் துணை விமானி. அவன் அதே நிறுவனத்தின் பழுதுகூடத்தில் ரேடியோ மெக்கானிக். ஒல்லி உடம்புக்கும் செய்யும் வேலைக்கும் சேர்த்து அங்கே எல்லோருக்கும் அவன் 'கம்பி'. விமானத்தில் இருக்கைகளின் முதுகில் பயணிகள் படம் பார்க்கும் சின்னத் திரைகள் உண்டு. அவை அத்தனையும் எரியும்போதுதான் இந்த இரைச்சல் கிளம்புகிறதோ என்ற சந்தேகம், அவள் எழுதியதைப் படித்ததுமே அவனுக்குத் தட்டியது. ஆனால் எல்லாத் திரைகளும் உயிர்பெற முக்கால் மணி நேரமாகும். ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது.

"ஆகாசத்துல வர்ற பேய் தரையில வராது கம்பி. எழுதிட்டு எறங்கி வா" என்றார் மேற்பார்வையாளர். எல்லோரும் சொல்கிற கிண்டல்தான். எல்லோரும் செய்கிற வேலைதான். இருட்டான விமானத்தில் ரேடியோவை மட்டும் போட்டுக் கேட்டான். சுத்தமாக இருந்தது. 'தரையில் சோதிக்கப்பட்டது. குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தங்கை ரொட்டி தின்றுவிட்டுப் போன அன்று மாலை, மேகத்துக்குள் இருந்த அவளுடைய அதே விமானத்தை இடப்பக்கம் திரும்பச் சொன்னது கட்டுப்பாட்டு அறை. விமானம் திரும்பவில்லை. நேரே போய் மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. உள்ளே இருந்த பதிவுப்பெட்டி எரிந்துபோயிருந்தது. மிஞ்சியது கட்டுப்பாட்டு அறையின் பதிவு மட்டும். அதில் உத்தரவு தெளிவாகக் கேட்டது. "மறுபடி சொல்லுங்க" என்று ஒரே ஒருமுறை தங்கையின் குரல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"சீட்டுத் திரையெல்லாம் போட்டுத்தான் சோதிச்சீங்களா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்."

"அப்ப ரேடியோ மேல தப்பில்ல. தங்கச்சி கவனிக்காம விட்டுட்டாங்கன்னுதான் எழுத வேண்டியிருக்கும். சொல்லவே சங்கடமா இருக்கு, தம்பி."

அவன் தலையாட்டினான். வாயால் சொன்ன பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவனை அரித்தது. இரண்டு மாதமாகக் கண்ணாடி பார்க்காமலே முகம் மழித்தான்.

தட்டச்சு செய்த வாக்குமூலம் இப்போது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்தோடு வாங்கிப்போக ஆள் வரும். மணி நாலுதான். ஆனாலும் மழை இருட்டு கட்டி, ஜன்னல் கம்பிகளின் நிழல்கூடத் தரையில் விழாத ஒரு சாம்பல் வெளிச்சம் வீடு முழுக்கத் தேங்கியிருந்தது. காயாத துணிகளின் வாடைக்கு அடியில் மெல்லிசாக, ஆனால் மூக்கை விட்டுப் போகாமல், விமான எரிபொருளின் நாற்றம் கசிந்துகொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி முனகி முனகி ஓய்ந்த அந்தக் கணத்தில், அதன் முனகலுக்குப் பின்னால் அதுவரை ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் தனியாகத் தெரிந்தது.

வண்டு.

சமையலறை ரேடியோவிலிருந்து வந்தது. அது அணைந்திருந்தது. அருகே போய் மின்கம்பியைப் பிடுங்கினான். நின்றது.

மூச்சு விடுவதற்குள் கூடத்தில், சாவுக்குப் பிறகு யாருமே போடாத தொலைக்காட்சியில் தொடங்கியது. அதையும் பிடுங்கினான். சத்தம் அவனைத் தாண்டிக்கொண்டு தங்கையின் அறைக்குப் போனது. போனதை அவன் கேட்டான். சுவரோரமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்.

அறைக்கதவைத் தள்ளினான். பூட்டியே கிடந்த அறையின் புழுக்கம். கதவின் பின்னால், ஆணியில் அவளுடைய பழைய ஹெட்செட். அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது. வண்டு அதற்குள் இருந்தது.

பிறகு குரல்.

"தரை, கேக்குதா?"

அவளுடைய வேலைக் குரல். 'அண்ணா' இல்லை.

"தரை, மறுபடி சொல்லுங்க. திரையெல்லாம் போட்டுப் பாத்தீங்களா?"

இல்ல குட்டி, போடல. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். உண்மை தொண்டைவரை வந்தது. சுற்றிலும் பார்த்தான். அறையில் வேறு யாருமில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில்கூட முகம் சுட்டது.

"போட்டுப் பாத்தேன்" என்றான். "குறை இல்ல."

இரைச்சல் சட்டென்று அறுந்தது. சுத்தமான அமைதி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தரையிலிருந்து சொன்னதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறென்றால் சொன்னவர் உடனே திருத்த வேண்டும். பேசாமல் இருந்தால் சரி என்று பொருள்.

"திரை போட்டுப் பாத்தாச்சு. குறை இல்ல." தங்கை திருப்பிச் சொன்னாள். குரலில் கோபமில்லை. சொல்லிவிட்டு இடைவெளி விட்டாள்.

அவன் வாய் திறக்கவில்லை.

"திரை போட்டுப் பாத்தாச்சு. குறை இல்ல." வயதான ஆண் குரல். தலைமை விமானி. இடைவெளி.

திருத்த ஒரே ஒரு வார்த்தை போதும்.

பிறகு ஒரு பெண். அவனுக்குத் தெரியாதவள். இடைவெளி. இருமிக்கொண்டே ஒருவர். இடைவெளி. தூக்கக் கலக்கத்தில் ஒருவன். இடைவெளி. ஒவ்வொருவரும் சொல்லி முடித்துக் காத்திருந்தார்கள். எரிபொருள் நாற்றம் கண்ணைக் கரித்தது. பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி ஒரு குழந்தை.

"திரை... போட்டு... பாத்தாச்சு."

அது ஆறாவது குரல். அந்த விமானத்தில் போனவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர்.