தண்ணீருக்குக் கேட்கக் கூடாத ஒலி

வீட்டுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று நின்றுபோயின. மைராமா அடுப்பில் வெந்துகொண்டிருந்த சகோப் பனைமாவு அப்பத்தை மறந்து, செபிக் ஆற்று வெள்ளம் கால்மரங்களை நக்கும் சத்தத்தையும், காய்ச்சலில் கிடந்த அம்மாவின் சூடான மூச்சையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். மீன்கூடு பார்க்கப் போன தம்பி சகியா இன்னும் வரவில்லை.

பிறகு கீழேயிருந்து அவன் குரல்.

"அக்கா, ஏணிய வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. கதவத் திறந்து கயிறு போடு."

எழுந்தவளின் கணுக்காலை அம்மா பற்றிக்கொண்டாள். இருட்டிய பின் வருகிறவர் யாரானாலும் தங்கள் மொழியில் 'தண்ணீர்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின் நடுவே, தொண்டையை அடைத்து மூச்சை உள்ளே விழுங்கும் ஓர் ஒலி உண்டு. சதுப்பில் இருப்பவை கேட்ட குரலிலெல்லாம் பேசும். கேட்டிராத அந்த ஒலி மட்டும் வராது. அதனால்தான் பெரியவர்கள் அதைத் தண்ணீருக்குக் கேட்காதபடி கதவிடுக்கில் வாய் வைத்து முணுமுணுத்து வந்தார்கள்.

பள்ளிக்கூடத்து டோக் பிசின் மொழியில் வளர்ந்த அக்கா தம்பி இருவருக்கும் அது வராது. எலும்பு சிக்கின கோழி மாதிரி இருக்கு என்று அம்மாவைக் கேலி செய்தவனே சகியாதான். ஊரில் அந்த ஒலி மிச்சமிருந்தது அம்மாவின் தொண்டையில் மட்டும்.

கீழே அவன் சொல்லிப் பார்த்தான். வெறும் இருமலாக வந்தது. மறுபடியும். அழுகையோடு மறுபடியும்.

"எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியும்லக்கா. கால என்னமோ உரசுது."

அம்மா ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டினால் பிடித்துக்கொள்வான் என்று மைராமா கெஞ்சினாள். அம்மா மாட்டேன் என்று தலையாட்டினாள். கீழே சகியா அலறினான். அம்மா தவழ்ந்துபோய், தரைப் பலகையின் இடுக்கில் வாயை வைத்து, தண்ணீரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

கீழே அலறல் நின்றது.

பிறகு அந்தச் சொல். அடைப்பும் இழுப்புமாக, அச்சு அசலாக.

"சொல்லிட்டான்மா." மைராமா கதவைத் திறந்து, தூணில் கட்டிய கயிற்றை வீசினாள்.

கயிறு விறைத்தது. தூண் முனகியது. பன்னிரண்டு வயதுப் பையனின் பாரம் இல்லை அது.

அந்தச் சொல் மறுபடி கேட்டது. இன்னும் பக்கத்தில். காய்ச்சலில் கரகரத்த அம்மாவின் குரலில். பிறகு, அதே குரலில், பல வாய்களிலிருந்து.

கயிறு ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளம் இழுத்துப்போன தூரத்தில், பனைகளுக்கு நடுவே, சகியா இன்னமும் தப்பாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.