உடைக்காத மருந்துக் குப்பி

உப்பில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடியைத் திறந்த மெலானியா அப்படியே நின்றுவிட்டாள். காய்கள் இருந்தன, உப்புநீரைக் காணோம்.

மூத்த மகள் சொலோமியாவும் இப்படித்தான் குடித்துத் தீர்ப்பாள். சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பி செத்துப்போய், உடம்பு உப்புக்குத் தவிக்கும் நோய். ஒன்பது வயதில் போய்விட்டாள். பதினொரு வருடம் ஆகியும் அவள் செருப்பை இழுத்து நடக்கும் சத்தம் மெலானியாவுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது இளையவள் உல்யானாவுக்கும் அதே நோய்.

"பன்னிக்குட்டி சுரப்பியிலேர்ந்து செல்லை எடுத்து வளர்த்து, என் தம்பி மக வயித்துல வைப்பாங்களாம். நீயும் கையெழுத்து போடுவ," என்றாள் நாத்தனார் ஜினாயிதா, ரொட்டியை வெட்டியபடி. "ஒருத்திய அனுப்பினது பத்தலையா உனக்கு?"

கணவன் ஒஸ்தாப் தேநீரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மகளைப் புதைத்த நாளிலிருந்து அவன் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. ஊசி மருந்து வாங்கி வைக்க மறந்துவிட்டேன் என்று அன்று அவளே சொல்லியிருந்தாள்.

கார்கிவ் நகர மருத்துவமனையில் மூவரையும் உட்காரவைத்து மருத்துவர் பேசினார்.

"செல்லு பிடிச்சா மாத்திரைய குறைக்கலாம். சில மாசத்துல அந்தச் செல்லு செத்தும் போகலாம். அப்போ திடீர்னு மயக்கம், வாந்தி வந்தா வீட்ல இருக்கிறவங்க உடனே ஊசி போடணும். மூத்த பொண்ணுக்கு ஏன் போடல? மறைக்காம சொல்லுங்க. இவளை யாரை நம்பி அனுப்புறதுன்னு எனக்குத் தெரியணும்."

மெலானியா பேச வாயெடுத்தாள். மறந்துவிட்டேன் என்று மறுபடியும் அதே பொய்யைச் சொன்னால் உல்யானாவின் உயிர் யார் கையில் இருக்கும்?

"மருந்து வீட்ல இருந்துச்சு," என்றாள் ஜினாயிதா.

ஒஸ்தாப் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு இவ வேலைக்குப் போயிட்டா. நான்தான் பிள்ளைகூட இருந்தேன். வாந்தி எடுத்தா... குப்பிய கையில எடுத்தேன். கை நடுங்குச்சு, உடைக்க முடியல. தானா சரியாயிடும்னு என் கோட்டுப் பையில போட்டுட்டேன். சாவுக்கு அப்புறம் பையில தேடினேன், இல்ல. இவதான் எடுத்து வச்சிருக்கணும்."

"உனக்குத் தெரியுமா?" பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒஸ்தாப் மனைவியின் கண்களைப் பார்த்துக் கேட்டான். "ஏன் சொல்லல மெலானியா?"

"சொல்லியிருந்தா உங்க அக்காவ அன்னைக்கே வெளியே தள்ளியிருப்பீங்க. அப்போ அவங்க புருஷன் செத்து ரெண்டு மாசம்தான்... எங்க போவாங்க?"

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

மருத்துவர் காத்திருந்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய குப்பியையும் ஒரு ஊசியையும் மேஜைமேல் வைத்தார். முதலில் மெலானியா குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றிக் காட்டினாள், பிறகு ஒஸ்தாப். அதன் பிறகு மெலானியா கையெழுத்து போட்டாள்.

அறுவைச் சிகிச்சை நடந்த அன்று மதியம், உல்யானா மயக்கம் தெளியாமல் படுத்திருந்தாள். நடைவழி பெஞ்சில் ஜினாயிதா துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தொழிற்சாலை விடுதியில இடம் கேட்டிருக்கேன்," என்றாள். "உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தாத்தான் அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிடுறது காதுல விழாம இருந்துச்சு. இனிமே திட்டவும் முடியாது."

மெலானியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணி. கேட்டா குப்பி விஷயமும் வெளியே வந்துடும்னு இத்தனை வருஷமா கேக்கல. கடைசியா அவ என்ன சொன்னா?"

ஜினாயிதா சுவரையே பார்த்தாள்.

"அம்மா எப்போ வருவாங்கன்னு கேட்டா. ரெண்டு மணிக்குன்னேன். சரி அத்தை, அதுவரைக்கும் தூங்குறேன், வந்ததும் எழுப்புன்னா..."

மெலானியாவின் தொண்டையிலிருந்து கிளம்பிய ஓலத்தை ஜினாயிதா தன் மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டாள். துணிப்பை தரையில் சரிந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.