சீசாவில் தெளிந்த தண்ணீர்

1976, மார்ச் 9. காலை ஆறு மணி. குமாரபாளையத்தில் சின்னுசாமியின் எருதுகள் இரண்டும் தண்ணீர்த் தொட்டியருகே நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. எட்டு மணிக்கு, தொட்டியில் விஷம் கலந்தது பக்கத்துச் சாயப்பட்டறை ராசுதான் என்று அவரைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார் சின்னுசாமி. ஒன்பது மணிக்கு ராசு லாக்கப்பில் இருந்தார்.

பத்தரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை சௌந்திரத்தைத் தேடி வந்தார். கையில் ஒரு சீசா. பின்னால், அதே தெருவில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் தங்கசாமி.

"தொட்டித் தண்ணிங்க டீச்சர். விஷமான்னு சொன்னாப் போதும்."

"யாரு மொண்டது?"

"நானுங்க," என்றார் தங்கசாமி. "விடியால அந்தப் பக்கம் போனனுங்க. எருது உழுந்து கெடந்துது. சந்தேகப்பட்டு மொண்டு வெச்சேன்."

"அப்பவும் இப்படித்தான் தெளிவா இருந்துச்சா?"

"ஆமாங்க. சுத்தமான தண்ணி கணக்கா."

சௌந்திரம் அதில் கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றிப் பைக்ரோமேட் கரைசலைச் சொட்டினார். பளிச்சென்று மஞ்சள் பொடி திரண்டு அடியில் இறங்கியது.

"ஈயம்."

"ராசு மஞ்சச் சாயத்துக்கு ஈய உப்புத்தான் போடறான். முடிஞ்சுதுங்க," என்றார் சுவாமிநாதன்.

சௌந்திரத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் வார்த்தையைத் தன் வாய்தான் சொல்லியிருக்கிறது.

"தொட்டியைப் பாக்கோணுங்க."

பதினொன்றேகால் மணி. சீசாவோடும் சோதனைக் குழாய்களோடும் மூவரும் தொட்டியருகே நின்றார்கள். தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அடியில் பச்சைப் பாசி. வெள்ளையாக ஒரு துளி வண்டல்கூட இல்லை. பட்டறையிலிருந்து ஒரு சிட்டிகை ஈய உப்பு வாங்கி, தொட்டியில் மொண்ட ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார் சௌந்திரம்.

தண்ணீர் பாலாக வெளுத்தது.

கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை மெல்ல அடியில் படியும்வரை அவர் காத்திருந்தார். மேலே தெளிந்ததை வேறு குழாயில் இறுத்துப் பைக்ரோமேட்டைச் சொட்டினார். பொடி எதுவும் திரளவில்லை.

"நம்மூரு உப்புத் தண்ணிங்க சார். பானையடியில வெள்ளையாப் படியுதே, பாத்திருப்பீங்க. ஈயத்தைப் போட்டதும் அந்த உப்புகளோட சேந்து கரையாத பொருளா மாறி அடியில எறங்கிருது. ஈயம் போட்டா இந்தத் தண்ணி கலங்கோணும். தெளிஞ்சு போச்சுன்னா மேல ஈயம் நிக்காது. இந்தச் சீசாத் தண்ணி தெளிவாவும் இருக்குது, ஈயமும் இருக்குது."

"அப்படின்னா?"

"இது தொட்டித் தண்ணியே இல்லீங்க. துளி உப்பும் இல்லாத, காய்ச்சி வடிச்ச தண்ணி. பேட்டரிக்கு ஊத்தறது. இந்தத் தெருவுல அது பேட்டரிக் கடையில மட்டுந்தான் கெடைக்கும்."

தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டி ஓடப் பார்த்தார். அங்கே காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தோளைப் பிடித்தார்.

மதியம் ஒரு மணிக்குள் எல்லாம் வெளிவந்தது. ரோட்டோரப் பட்டறை இடத்தைக் கடைக்காகத் தங்கசாமி இரண்டு முறை கேட்டும் ராசு கொடுக்கவில்லை. ஈய உப்பு இனிக்கும் என்பதால், பட்டறையில் அதைத் திருடிப் புண்ணாக்கில் கலந்து எருதுகளுக்கு வைத்தது தங்கசாமிதான். பழி ராசுமேல் விழத்தான் அதே உப்பைக் கரைத்த அந்தச் சீசா.

மாலை நான்கு மணிக்கு ராசு வெளியே வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் சின்னுசாமி நின்றிருந்தார். கும்பிட்டார். ராசு அவரைப் பார்க்காமலே இறங்கி நடந்தார்.

சின்னுசாமி பத்தடி தள்ளியே, ராசுவின் வீட்டு வாசல்வரை பின்னால் நடந்தார்.